ரெண்டு மாப்பிள்ளைகளும் ஒரு கம்ப்யூட்டரும்

அந்தப் பைய மேல வெக்காதீங்க தம்பி. இந்த பஸ்ஸு போடற ஆட்டத்துக்கு நேரா உங்க மண்டையிலதான் வந்து உழுகும். மடியிலயே வெச்சுக்குங்க. உள்ள கம்ப்யூட்டருங்களா? பையப் பாத்தாலே தெரியுதுங்க. கழுத்துல அட்டையெல்லாம் தொங்குது. கோயமுத்தூர்ல கம்பெனி வேலைங்களா? நல்லதுங்க.

அப்ப உங்களையே ஒண்ணு கேக்கட்டுங்களா. தப்பா நெனச்சுக்காதீங்க, பாக்கறவிய எல்லார்த்துகிட்டயும் கேட்டுட்டுத்தான் இருக்கறேன். இன்டெல்லுன்னு ஒண்ணு சொல்றாங்களே, அதுல ஐ-ஃபைவ். ரைசன்னு இன்னொண்ணு, அதுலயும் ஃபைவ்தான். கேம் ஆடறதுக்கும், வூட்டுல சாதாரணமா பில்லு கில்லு போடறதுக்கும், குடுக்கற காசுக்கு எதுங்க நல்லது?

பாத்தீங்களா, சிரிக்கறீங்க. ரெண்டும் நல்லதுதானுங்கன்னுட்டீங்க. இதையேதான் எல்லாரும் சொல்றாங்க. ரெண்டும் நல்லதுங்கறது ஒரு பதிலுங்களா? ஒண்ணு சொத்தையா இருந்திருந்தா எனக்கு இந்த வெனையே இல்லீங்க. சொத்தைய ஒதுக்கிட்டு மத்தத எடுத்திருப்பேன், எம் பொண்ணும் இன்னைக்கு வூட்டுல இருந்திருப்பா.

சிங்காநல்லூர் போய்ச் சேர இன்னும் நேரமிருக்குது. சொல்றேன் கேளுங்க.

நமக்குக் காங்கேயமுங்க. மாட்டுத் தீவனக் கடை. மூணும் பொண்ணுங்க. அவங்கம்மா போய்ச் சேந்து நாலு வருசமாச்சு. மூத்தவ கௌசல்யாவத் திருப்பூர்ல குடுத்திருக்குது. மாப்ளை லோகநாதன், பனியன் கம்பெனி ஆபீசுல கம்ப்யூட்டரெல்லாம் அவரு பொறுப்புத்தான். அடுத்தவ வனிதாவப் பெங்களூர்ல குடுத்திருக்குது. மாப்ளை விவேகானந்தன், அவரும் கம்ப்யூட்டர்தான், ஆனா இவரு புரோகிராம் எழுதற பக்கமுங்களாம், பெரியவரு மிசினு மாட்டற பக்கமுங்களாம். ரெண்டு பேரும் தங்கமான மனுசங்க. தங்கமா இருக்கறதுதானுங்க செரமம். பித்தளையா இருந்தா ஒரு வார்த்தை கூடக் கொறையப் பேசிட்டுப் போயிறலாம்.

ஒரு தீவாளிக்கு ரெண்டு பேருத்துக்கும் வேட்டி எடுத்தேனுங்க. ஒரே கடை, ஒரே வெலை. சின்னவரு வேட்டியில மட்டும் கரை ஒரு விரக்கடை அகலமா இருந்துபோச்சு. நான் கவனிக்கலீங்க, சத்தியமா. பெரிய மாப்ளை எலை முன்னால உக்காந்தாரு, "வயிறு செரியில்லீங்க மாமா"ன்னு ரசத்த மட்டும் ஊத்திக்கிட்டு எந்திரிச்சுட்டாரு. கௌசல்யா பொங்கல் வரைக்கும் போன் எடுக்கலீங்க. அன்னையில இருந்து நம்ம வூட்டுல எல்லாம் தராசுதான். கறிக்கொழம்புல ஈரல் துண்டு போடறதுன்னாக்கூட ரெண்டு எலையையும் பாத்துத்தான் போடறது.

மூணாவதுதான் தாரணி. அவங்கம்மா போனதுக்கப்பறம் எனக்குச் சோறாக்கறது, கடையில பில்லு போடறது, எந்த மாத்திரை எந்த நேரம்னு எடுத்து வெக்கறது, எல்லாம் அவதானுங்க. அந்தப் பொண்ணு இல்லாம ஒரு நாள் ஓட்டிர முடியும்னு நான் நெனச்சதே இல்ல.

அவளுக்கு மெட்ராஸ்ல ஒரு கம்பெனியில வேலை கெடைச்சுதுங்க. என்ன வேலைங்கறீங்க? கேம் ஆடற வேலை. நானும் மொதல்ல சிரிச்சேன். புதுசா ஒரு கேம் செஞ்சா, அத வெளிய உடறதுக்கு முன்னால ஆடிப் பாத்து, எந்த எடத்துல நிக்குது, எந்தச் சொவத்துக்குள்ள மனுசன் பூந்து போறான்னு எழுதிக் குடுக்கோணுமாம். அதுக்குச் சம்பளம். அதுவும் வூட்டுல இருந்தே பாத்துக்கலாம்னுட்டாங்க. எனக்கு வந்த சந்தோசம் இருக்குதே தம்பி, அவளுக்குக்கூட அத்தன இருந்திருக்காது. வேலையும் ஆச்சு, பொண்ணும் வூட்டுல இருந்தா மாதிரி ஆச்சு. ஒரே ஒரு கண்டிசன். அவங்க கேக்கற சத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் தை பொறக்கறதுக்குள்ள வூட்டுல இருக்கோணும். இல்லாட்டி மெட்ராஸ்க்கு வந்து ஆபீஸ்ல உக்காந்து பாக்கோணும்.

திரை, தட்டற பலகை, கேமுக்குன்னு ஒரு கார்டு, எல்லாம் அவளே சேத்து வெச்சிருந்தா. அதுக்கு மூளை ஒண்ணும், அதான் புராசசருங்கறாங்களே, அந்த மூளை உக்கார்ற மதர்போர்டுங்கற பலகை ஒண்ணுந்தான் பாக்கி. "அத நீங்க வாங்கிக் குடுங்ப்பா, மொத வேலை, உங்க கையால இருக்கட்டும்"னா. எதும்மா வாங்கறதுன்னேன். "ஐ-ஃபைவ், ரைசன் ரெண்டுல எதுன்னாலும் எனக்குப் போதுங்ப்பா. எதையோ ஒண்ண வாங்கிட்டு, அதுக்கு ஏத்த பலகைன்னு கடையில கேளுங்க, அவங்களே குடுப்பாங்க"ன்னா.

சின்னப் பொண்ணு, அவளுக்கு என்னங்க தெரியும். ரெண்டு மாப்ளைங்களும் கம்ப்யூட்டர்லயே பொழைக்கறவிய. அவியளக் கேக்காம வாங்கினா என்ன ஆகுறது? பெரியவருக்குப் போனப் போட்டேன். "கண்ண மூடிட்டு இன்டெல் வாங்குங்க மாமா. எங்க ஆபீஸ்ல பூரா அதான். ஒரு தொந்தரவில்ல. கேமும் ஆடலாம், உங்க பில்லும் போடலாம்"னாரு. கோயமுத்தூர்ல இன்ன கடைன்னும் சொல்லிட்டாரு. அத்தோட முடிஞ்சிருக்கோணுமுங்க. ஆனா பெரியவரக் கேட்டுட்டுச் சின்னவரக் கேக்காம உட்டா நாளைக்கு ஒரு பேச்சு வருமுங்களே. அவருக்கும் போட்டேன். அவரு, "ரைசன் எடுங்க மாமா. ஏறத்தாழ அதே வேகம். பலகை வெலையும் கொஞ்சம் சல்லிசு. பின்னால வேணும்னா அதே பலகையிலயே இன்னும் பெருசா ஒண்ண மாத்திக்கலாம்"னு சொல்லி அவரு ஒரு கடை சொன்னாரு. ரெண்டு கடையும் ஒரே வீதிதானுங்க, எதிரும் புதிரும்.

போன வெச்சுட்டு உக்காந்தவன்தான், எந்திரிக்கவே முடியலீங்க.

செரி, நாமளே பாத்து முடிவு பண்ணுவோம்னு போன்ல வீடியோவாப் பாத்தேன். ஒரு பையன் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் கோடு கோடாப் போட்டுக் காட்டறான். ஒரு கேம்ல இது கொஞ்சம் மேல. இன்னொரு கேம்ல அது கொஞ்சம் மேல. என்னம்மா கணக்கு இதுன்னு தாரணியக் கேட்டேன். ஒரு விநாடிக்கு எத்தன படம் ஓடுதுங்கறதாம். நூத்துச் சொச்சம் படம் ஓடறதுல ரெண்டு படம் முன்னப்பின்ன. கண்ணுக்குத் தெரியுமான்னேன். "தெரியாதுங்ப்பா"ன்னா. தெரியாதத வெச்சு எப்படிங்க ஒரு மாப்ளைய உட்டு இன்னொரு மாப்ளைய எடுக்கறது?

நம்ம கடைக்கு வர்றவியளும் கேப்பாங்க. பருத்திக்கொட்டையா புண்ணாக்கா, எதுல பால் கூடும்னு. நான் பட்டுன்னு சொல்லிப்போடுவேன். எதையோ ஒண்ண நேரத்துக்கு வைங்க சாமி, நீங்க இங்க ரோசனை பண்ணீட்டு நின்னா அங்க மாடு கத்துமுன்னு. யாவாரத்துல எனக்குக் கொழப்பமே வராதுங்க. சுத்துப்பட்டுல யாரைன்னாலும் கேட்டுப் பாருங்க. இந்தக் கம்ப்யூட்டருதான் புரிய மாட்டேங்குது.

அதுக்குள்ள பொண்ணுங்களுக்கு விசயம் தெரிஞ்சுபோச்சு. கௌசல்யா போன்ல, "அவரு சொல்லி ரெண்டு வாரமாச்சு, இன்னும் வாங்கல. அப்ப அவரு பேச்சுக்கு என்ன மருவாதி?"ங்கறா. வனிதா, "அக்கா வூட்டுக்காரரு சொன்னா வேதம், இவரு சொன்னா வெட்டிப் பேச்சுங்களா?"ங்கறா. நான் ரெண்டு பேருத்துக்கும் ஒரே பதில்தான் சொன்னேன். பாத்துட்டிருக்கறேன் சாமின்னு. தாரணி எங்கிட்ட ஒண்ணும் கேக்கல. கம்ப்யூட்டர் வர்ற வரைக்கும்னு, காலையில சோறாக்கி வெச்சுட்டு பஸ் ஏறித் திருப்பூர் போய், அவ சிநேகிதி வூட்டுக் கம்ப்யூட்டர்ல உக்காந்து வேலை பாத்துட்டு, பொழுது சாஞ்சு வருவா. வந்ததும் எம் மூஞ்சியப் பாப்பா. நான் அந்தப் பக்கம் திரும்பிக்குவேன்.

மார்கழியும் பாதி போச்சுங்க. ஒரு நாள் கடையில சும்மா உக்காந்திருக்கறப்ப ஒரு ரோசனை வந்துது. ஏன் ஒருத்தர ஒதுக்கோணும்? வாங்க வேண்டியதே ரெண்டு சாமானம். மாப்ளையும் ரெண்டு. பலகை பெரியவரு சொன்னது, மூளை சின்னவரு சொன்னது. அவரு கடையில ஒண்ணு, இவரு கடையில ஒண்ணு. கடைக்காரங்க நாளைக்கு மாப்ளைங்ககிட்ட, "உங்க மாமனாரு வந்தாருங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லுவாங்க. ரெண்டு பேருத்துக்கும் மனசு குளுந்துபோகும். இத்தன நாளா இது தோணாமப் போச்சேன்னு எனக்கு நானே முதுகுல தட்டிக்கிட்டேன்.

நீங்க ஏனுங் தம்பி நெத்தியில கைய வெக்கறீங்க? மீதியக் கேளுங்க.

அடுத்த நாளே போனேன். பெரியவரு கடையில, இன்டெல்லுக்குப் போடற பலகை ஒண்ணு குடுங்கன்னேன். மூளை வேண்டாங்களான்னான் கடைப் பையன். அது இருக்குதுப்பான்னேன். எதுத்த கடையில ரைசன் மூளை ஒண்ணு குடுங்கன்னேன். பலகை வேண்டாங்களான்னாங்க. அதுவும் இருக்குதுன்னேன். ரெண்டு எடத்துலயும் பொய் சொல்லல பாருங்க.

வூட்டுக்கு வந்தா தாரணி இல்ல, திருப்பூர் போயிருந்தா. அவ வர்றதுக்குள்ள பூசைய முடிச்சு வெச்சுருவோம்னு, ரெண்டு பெட்டியையும் பிரிச்சேன். நம்ம வூட்டுல புதுசா எது வந்தாலும், தராசா இருக்கட்டும், சைக்கிளா இருக்கட்டும், சந்தனங் குங்குமம் வெக்காம ஓட்டறதில்லீங்க. பெட்டி மேல வெச்சா அது அட்டைக்குத்தானுங்களே வெச்சது. அதனால சாமானத்துக்கே வெச்சேன். மூளைக்கு மேல பளபளன்னு ஒரு தகடு இருந்துது, அதுல ஒரு பொட்டு. பலகைக்கு நடுவுல ஒரு கறுப்பு மூடி. மூடிக்கு வெச்சா என்ன சேத்தின்னு அத நெம்பி எடுத்துட்டு, உள்ள மினுமினுன்னு ஊசி ஊசியா இருந்துதுங்க, அங்க நல்லா ஒரு பொட்டு. கற்பூரங் காட்டி, அவங்கம்மா படத்துக்கு முன்னால வெச்சுட்டுக் காத்துட்டிருந்தேன்.

தாரணி வந்தா. பாத்தா. அவ மூஞ்சி பூத்துதுங்க, பொய் சொல்லக்கூடாது. ஓடி வந்து கீழ உக்காந்து ரெண்டையும் கையில எடுத்தா. அப்பறம் திருப்பித் திருப்பிப் பாத்தா. "அப்பா, இது இதுல உக்காராதுங்ப்பா"ன்னா. கொஞ்சம் அழுத்திப் பாரு அம்மிணின்னேன். "அழுத்தற சமாச்சாரம் இல்லீங்ப்பா. அதுக்கு வேற பலகை, இதுக்கு வேற மூளை"ன்னா. திட்டியிருந்தாலும் பரவால்லீங்க. முந்தானையில அந்தச் சந்தனத்த ஒத்தி ஒத்தி எடுத்துட்டிருந்தா.

திருப்பிக் குடுக்கலாம்னு போனா, பொட்டு வெச்சத எடுத்துக்க மாட்டேன்னுட்டாங்க. கடைக்காரங்களச் சொல்லிக் குத்தமில்ல, அந்த ஊசியெல்லாம் மடங்கிப்போச்சாம். "செரி உடுங்ப்பா, இந்த மூளை நல்லாத்தான் இருக்குது. இதுக்கு ஏத்த பலகை மட்டும் நான் வாங்கிக்கறேன், எங்கிட்ட காசு இருக்குது"ன்னா தாரணி. நான் கூடவே கூடாதுன்னுட்டேன். ஏனுங்களா? மூளையும் சின்னவருது, பலகையும் சின்னவருதுன்னா பெரியவரு எங்கீங்க போறாரு? அப்ப ரெண்டும் பெரியவரு சொன்னதாவே வாங்கட்டுமான்னா. அப்ப சின்னவரு? "ரெண்டு பேருத்துகிட்டயும் சொல்லவே வேண்டாங்ப்பா"ன்னா. நாளைக்கு வூட்டுக்கு வந்து தொறந்து பாத்தாங்கன்னா? அவிய ரெண்டு பேரும் தொறந்து பாக்கற ஆளுங்க.

தாரணி ரெண்டு பெட்டியையும் எடுத்து ஓரமா வெச்சா. "உங்களுக்கு நான் இங்க இருக்கோணுமா, வேண்டாங்களாப்பா?"ன்னு கேட்டா. என்ன கேள்வி அது. நீ இல்லாம நான் எப்படி அம்மிணின்னேன். அதையும் மனசாரத்தான் சொன்னேன். அவ எந்திரிச்சு உள்ள போயிட்டா.

தை ரெண்டாந் தேதி மெட்ராஸ் போயிட்டாளுங்க. ஆஸ்டல்ல இருக்கறா. மாத்திரைக்கெல்லாம் டப்பா மேல காலை, ராத்திரின்னு எழுதி ஒட்டி வெச்சுட்டுப் போயிருக்கறா. வூட்டுக்குள்ள போகவே புடிக்கலீங்க. கடையச் சாத்தினதுக்கப்பறம் சும்மா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டு வர்றேன். மெஸ்ஸுல சாப்படறேன். போன்ல நல்லா இருக்கறீங்களாப்பான்னு கேப்பா, நல்லா இருக்கறேன்னுதான் சொல்றது. வேற என்னத்தச் சொல்றது தம்பி.

மாசியில கொலதெய்வத்துக்குக் கெடா வெட்டு. ரெண்டு மாப்ளைங்களும் வந்தாங்க. எலை போட்டு ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்கறாங்க. நான் கறி வெச்சுட்டிருக்கறேன். பெரியவரு கேக்கறாரு, "தாரணிக்கு எத வாங்குனீங்க மாமா?"ன்னு. கரண்டி கையிலயே நின்னுபோச்சு. எத வாங்கச் சொன்னீங்களோ அதத்தானுங்க மாப்ளைன்னேன். "நான் எதச் சொன்னேன்?"ங்கறாரு. சின்னவரு சிரிக்கறாரு. "எனக்கும் ஞாபகமில்லீங்க மாமா. மீட்டிங்ல இருந்தேன், வாய்க்கு வந்தத ஒண்ணச் சொன்னேன். எதுன்னாலும் ஒண்ணுதானுங்க"ங்கறாரு. "ரைசன்னாலும் நல்லாத்தான் இருக்கும்"னு பெரியவரு சொல்றாரு. இன்டெல்லச் சொன்னவரு அவரு.

என்ன பெருந்தன்மை பாருங்க தம்பி. எனக்குச் சங்கடம் வரக்கூடாதுன்னு, ரெண்டு பேரும் மறந்தாப்பல காட்டிக்கறாங்க. சொன்னேனே, தங்கமுன்னு. எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. ரெண்டு பேரு எலையிலயும் ஈரல் கூட ஒரு துண்டு வெச்சேன், ஒரே அளவுல.

போன ஞாயித்துக்கெழமை தாரணி போன் பண்ணுனப்ப கேட்டேனுங்க. உங்க ஆபீஸ்ல எது அம்மிணி வெச்சிருக்கறாங்கன்னு. "ரெண்டும் இருக்குதுங்ப்பா. ரெண்டுலயும் ஓடுதான்னு பாக்கறதுதான் எங்க வேலையே"ன்னா. பாத்தீங்களா? அத்தன பெரிய கம்பெனி, அவங்களாலயே ஒருத்தர ஒதுக்க முடியல. என்னைய மட்டும் எல்லாரும் கிறுக்குங்கறாங்க.

சூலூர் வந்துருச்சுங்களா? அடுத்தாப்பல சிங்காநல்லூர்தான். அங்கதானுங்க எறங்கோணும். என்ன வேலையாங்கறீங்களா? நல்ல வேலைதானுங்க. தாரணிக்கு வரன் பாக்கப் போறேன். பெரிய மாப்ளை சொன்ன எடம், பையன் மில்லுல மேனேஜரு. கொணம், குடும்பம், தோட்டம், எல்லாம் நல்லா இருக்குது. நாளைக்கு ஈரோடு போகோணும். அது சின்ன மாப்ளை சொன்ன எடம். அந்தப் பையன் பேங்குல இருக்கறான். அதுவும் நல்ல எடந்தானுங்க. கொணம், குடும்பம், ஒரு கொறை சொல்ல முடியாது. ஜாதகம் ரெண்டும் பொருந்துது. அதான் ராத்திரி பூராத் தூக்கமில்ல.

தாரணியக் கேக்காம இருப்பனுங்களா? கேட்டேன், கேட்டேன். "எனக்கு இப்ப ரெண்டும் வேண்டாங்ப்பா, ரெண்டு வருசம் போகட்டும்"னு சொல்லிட்டா. தெளிவாத்தான் சொன்னா. ஆனா நீங்களே சொல்லுங்க தம்பி. மாப்ளைங்க ரெண்டு பேரும் ஆளுக்கொண்ணு சொல்லி வெச்சிருக்கறப்ப, மூணாவதா ஒண்ண நான் எங்கீங்க கொண்டு போய் வெக்கறது?

கொஞ்சம் கால நகத்துங்க. எறங்கிக்கறேன்.